தட்டான் பிறக்கும் இடம்

இழுவலையின் இரண்டு முனைகளும் கரைக்கு வந்து சேர்ந்தபோது, வலைக்குள் சேறும் இரண்டு தவளைகளும் ஒரு பழைய செருப்பும்தான் இருந்தன. மீன்குஞ்சு என்று பேருக்குக்கூட ஒன்றில்லை. மண்வெட்டியார் செருப்பை எடுத்துத் தண்ணீரில் அலசி, அதன் உள்ளே விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். கெட்ட நேரம் பிடித்தவன் செருப்புக்குள்ளும் மீன் தேடுவான்.

"மாமா, அது உங்க செருப்புதான். போன மழையில தொலைச்சீங்களே, அது," என்றான் வலையின் மறுமுனையைப் பிடித்திருந்த நெட்டையன். அவன் மண்வெட்டியாருடைய மனைவியின் தம்பி. கதவு நிலை எதுவானாலும் குனிந்துதான் நுழைவான். அதனால் அந்தப் பெயர்.

"செருப்பு கிடைச்சிடுச்சு. மீன் எங்கடா?"

நெட்டையன் தண்ணீரைப் பார்த்தான். தண்ணீர் பச்சைக் கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. அதன் மேலே தட்டான்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த வருடம் விட்ட முதல் குஞ்சுகளும் இப்படித்தான் மாயமாய்ப் போயின. இது இரண்டாவது.

மண்வெட்டியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பெற்றவர்கள் ஒரு பெயரை வைத்துவிட்டு, பிள்ளை நடக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூப்பிட ஆளில்லாமல் அந்தப் பெயரும் துருப்பிடித்துப் போயிற்று. மணல் கிடங்கின் மூலையில் சாக்கை விரித்துப் படுத்து, லாரி லாரியாய் மணல் அள்ளிப் போட்டு வளர்ந்த உடம்பு அது. பள்ளிக்கூடத்தில் அவர் கற்றவை இரண்டே: தன் பெயரை எழுதுவது, சன்னல் வழியாக வெளியேறுவது. இரண்டாவதில்தான் முதல் மதிப்பெண்.

கல்யாணமான புதிதில், கையில் ஒரே ஒரு மண்வெட்டியோடும் பின்னால் மனைவியோடும் அவள் இடுப்பில் உட்கார மாட்டேன் என்று நடந்தே வந்த மச்சினனோடும் இந்தச் செங்கல் சூளைப் பக்கம் வந்து சேர்ந்தார். சூளைக்காக மண் வெட்டி வெட்டிக் கைவிட்ட பெரும்பள்ளம் ஒன்று அங்கே கிடந்தது. செத்த நாயும் உடைந்த செங்கல்லும் மழைத்தண்ணீரும் அதில் ஒன்றாய்க் குடித்தனம் நடத்தின. சூளைக்காரரிடம் போய், "இந்தப் பள்ளத்தைக் குடுங்க, குளமாக்கிக் காட்டுறேன்," என்றார்.

சூளைக்காரர் சிரித்தார். "எடுத்துக்கோ. மீன் வளர்ற வரைக்கும் உன் குளம். வளரலைன்னா என் பள்ளம். எனக்கும் சாம்பல் கொட்ட இடம் வேணும்."

அந்த ஒரு வாக்கில்தான் மண்வெட்டியாருடைய வாழ்க்கை முழுவதும் நின்றது. பள்ளத்தைக் குளமாக்கினார். கரையைக் கண்ணளவில் கட்டினார். எத்தனையோ மழை அந்தக் கரையை மோதிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து திரும்பியிருக்கிறது, ஒரு சொட்டு கசிந்ததில்லை. இது பெருமைக்குச் சொல்வதல்ல. பெருமைக்குத்தான் என்று வைத்துக்கொண்டாலும் பொய்யல்ல. கரையோரம் ஒரு அறை, அதை ஒட்டி மோட்டார் கொட்டகை, கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. இவ்வளவும் தன் கையால் எழுப்பினார். காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் கண்ணிமை அளவுக் குஞ்சுகள் வரும். அவற்றைக் குளத்தில் விட்டு, விரல் நீளத்துக்கு வளர்த்து, பெரிய ஏரி வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பார். "இந்தக் குளத்துக்கு அப்பன் நான், ஆத்தா என் மண்வெட்டி," என்பார். வந்தவர் போனவர் எல்லாரும் அதை இரண்டு தடவையாவது கேட்டிருப்பார்கள்.

அவருடைய இன்னொரு பெருமை குழியானை.

மணல் கிடங்கில் அவருக்குக் கூட்டாளி என்று இருந்தவை அவைதான். கூரைக்குக் கீழே, மழை படாத பொடிமணலில், சின்னச் சின்னப் புனல் போலக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு பூச்சி, உடம்பை மணலுக்குள் புதைத்து, இரண்டு கொடுக்குகளைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். வழி தவறிய எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும். ஏறப் பார்த்தால் கீழே இருப்பது தலையால் மணலை வாரி அதன்மேல் எறியும். பிறகு ஒரே கவ்வு. சாற்றை உறிஞ்சியதும் வெறும் தோலைக் குழிக்கு வெளியே வீசிவிடும். சாப்பிட்ட இலையை வாசலில் எறிகிற வீட்டுக்காரன் மாதிரி.

ஒன்றைப் பிடித்துத் தகர டப்பாவில் மணல் போட்டு வளர்த்தார். எறும்பு பிடித்து ஊட்டினார். ஒரு நாள் அது மணலையே மேலே சுற்றிக்கொண்டு உருண்டையாகிவிட்டது. செத்துவிட்டது என்று எறிய மனசில்லாமல் வைத்திருந்தார். பின்னொரு மாலை உருண்டை உடைந்து, மெலிந்த நீள உடம்பும் வலை பின்னிய நாலு சிறகுகளுமாக ஒன்று வெளியே வந்து டப்பா விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. தட்டான்பூச்சி! அப்பா இல்லை, அம்மா இல்லை, வாத்தியார் இல்லை. உலகத்தில் யாரும் சொல்லித் தராத ஒன்றை அவர் தன் கண்ணால் கண்டுபிடித்துவிட்டார். தட்டான் பிறப்பது மணலில். அன்று முதல் இந்த ஒரு விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது.

அந்த வருடம் அவர் புதிதாக ஒன்று செய்தார். வழக்கமாகக் குஞ்சு விடும் முன் குளத்தை இறைத்து, அடிச்சேறு பிளந்து வெடிக்கும்வரை வெயிலில் காயப்போடுவார்கள். காய்வதற்கே பாதிக் காலம் போய்விடும். மண்வெட்டியார் யோசித்து ஒரு குறுக்கு வழி கண்டார். சோப்பையும் எண்ணெயையும் கரைத்துத் தண்ணீர் மேலே தெளித்தால், மூச்சு வாங்க மேலே வரும் பூச்சிகள் எல்லாம் எண்ணெய்ப் படலத்தில் மாட்டிச் சாகும். அப்படியே செத்தன. விடிந்தபோது முதுகால் நீந்தும் பூச்சிகளும் நீர்வண்டுகளும் நீர்த்தேள்களும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"குளத்துப் பூச்சி அத்தனைக்கும் மூச்சை நிறுத்திட்டேன்டா!" என்று தொடையைத் தட்டினார்.

"மாமா, எதுக்கும் ஒரு தடவை காயப்போட்டுடலாமே," என்றான் நெட்டையன். "இந்தத் தட்டான் எல்லாம் வாலைத் தண்ணியில தொட்டுத் தொட்டு எடுக்குது பாருங்க. முட்டை வைக்குதுன்னு தோணுது."

"முட்டையா? சூளைப் பக்கமா பறந்து வந்ததில வால் சுட்டிருக்கும், ஆத்திக்குது. நான் தட்டான் பிறக்கிறதைக் கண்ணால பாத்தவன்டா. நீ வால் தொடுறதைப் பாத்துட்டுப் பிரசவம் பாக்க வந்துட்டே."

நெட்டையனும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது குஞ்சுகளும் காணாமல் போன அன்று, சூளையின் டீக்கொட்டகையில் கல் சுமப்பவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சூளைக்காரரும் இருந்தார். மண்வெட்டியாரைக் கண்டதும், "என்ன மண்வெட்டியாரே, ரெண்டாவதும் காலியாமே? குளம் கெட்டுப் போச்சு போல. சாம்பல் வேற மலையா நிக்குது," என்றார்.

குளம் கெட்டது என்று ஒப்புக்கொண்டால் பள்ளம். கெடவில்லை என்றால் மீன் எங்கே? வரும் வழியெல்லாம் மனசுக்குள் போட்டுப் புரட்டிய கணக்கு ஒன்று அவரிடம் இருந்தது. நோய் வந்தால் குஞ்சு செத்து மிதக்கும். கொக்கு தின்றால் சேற்றில் கால் தடம் இருக்கும். பூச்சி தின்றால் எச்சில் மிஞ்சும். குழியானை தோலை வெளியே எறிவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறார்! இங்கே ஒரு செதில்கூட மிச்சமில்லை. தடம் வைக்காமல் எடுக்கத் தெரிந்தவன் மனிதன் ஒருவன்தான். குளத்தில் வலை போடத் தெரிந்த மனிதர்கள் இரண்டு பேர்தான்.

"குளம் நல்லாத்தான் இருக்கு," என்றார். குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. "வீட்டுக்குள்ளயே கை நீளமா இருந்தா குளம் என்ன பண்ணும்?"

கொட்டகையில் எல்லாக் கண்களும் மூலையில் டம்ளரோடு நின்ற நெட்டையன் பக்கம் திரும்பின. நீளமான கைதான் அவனுக்கு.

"மாமா," என்றான் அவன். "கண்ணுக்குத் தெரியாத குஞ்சைத் திருடி நான் எங்க வைப்பேன்? சட்டைப் பையிலயா?"

மற்ற நாளாக இருந்தால் கொட்டகையே சிரித்திருக்கும்.

"விக்கத் தெரிஞ்சவனுக்கு வைக்கத் தெரியாதா?" என்றார் மண்வெட்டியார். வாயை விட்டுப் போன பிறகு அதைப் பிடித்து இழுக்க வலை கிடையாது.

நெட்டையன் டம்ளரைக் கீழே வைத்தான். சூளைக்காரர் மீசையை நீவினார். "திருட்டுன்னா அது வேற விஷயம். திருடன் போனா மீன் வளரணும் இல்ல? சரி, இன்னொரு தடவை விட்டுப் பாரு. அதுக்கப்புறம் என்கிட்ட வராதே." பிறகு நெட்டையனைப் பார்த்து, "உனக்கு வேலை வேணும்னா இங்க கல்லு சுமக்கலாம். செங்கல்லைத் திருடினா முதுகே காட்டிக் குடுத்துடும். பயமில்லை," என்றார்.

அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். நெட்டையன் அன்றே சூளையில் சேர்ந்தான். மச்சினன் பெயரைக் கொடுத்து மண்வெட்டியார் குளத்துக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கினார்.

வீட்டில் அவர் மனைவி கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கூச்சலுக்குப் பதில் கூச்சல் என்பதில் மண்வெட்டியார் தேர்ந்தவர். அவளோ அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டுச் சுவரோடு பேச ஆரம்பித்தாள்.

"சுவரே, சாப்பாடு ஆறுது. வேணும்கிறவங்க வந்து சாப்பிடலாம்."

"நான் என்னடி சொல்லிட்டேன்?"

"சுவரே, நீ குடுத்து வச்சவ. உனக்குக் கூடப்பிறந்தவங்க கிடையாது."

மூன்றாவது குஞ்சுகள் வந்தன. மண்வெட்டியார் பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் வாயை அவிழ்த்தார். புகை மாதிரி குஞ்சுகள் பரவின. மறுபடியும் எண்ணெய் தெளித்தது, பூச்சிகளை அரித்தது எல்லாம் முன்கூட்டியே முடிந்திருந்தது. அன்றிலிருந்து அவர் கரையை விட்டு நகரவில்லை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. கையில் தடி. திருடன் வரட்டும் என்று காத்திருந்தார். உண்மையைச் சொன்னால், திருடன் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். வேறு யாராவது ஒருவன் வந்து அகப்பட்டால் போதும். மச்சினனும் தப்புவான், அவரும் தப்புவார்.

யாரும் வரவில்லை. ஒரு நாயைத் தவிர வரப்பில் கால் வைத்தவர் இல்லை.

ஆனாலும் குஞ்சு குறைந்தது. விடியும்போது கரையோரம் மினுமினுக்கும் அந்தப் புகை, நாளுக்கு நாள் மெலிந்தது. ஒரு காலையில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடும் அளவுக்கு இருந்தது, அடுத்த காலையில் தேடிப் பார்க்கும் அளவுக்கு ஆயிற்று. காவல் இருந்தவர் அவர் ஒருவர். அவர் கண் எதிரிலேயே மீன் போகிறது. அப்படியானால் திருடன் என்று ஒருவன் எப்போதுமே இல்லை. இது புரிந்த நேரத்தில் மண்வெட்டியாருக்குக் காலுக்குக் கீழே மணல் சரிந்தது. ஏறப் பார்க்கப் பார்க்கச் சரிகிற அந்தப் பழைய மணல்.

உச்சி வெயிலில் அவர் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். தட்டை அடிச்சேற்றின்மேல் மெதுவாக வைத்து அசையாமல் நின்றார். வெள்ளைக்கு மேலே வந்தால் குஞ்சு கண்ணுக்குத் தெரியும். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாலைந்து குஞ்சுகள் தட்டுக்கு மேலே நீந்தி வந்தன. தட்டின் விளிம்பில் ஒரு சேற்றுக் கட்டி இருந்தது. தட்டை வைத்தபோது ஒட்டியது போலும் என்று நினைத்தார்.

சேற்றுக் கட்டியின் முகத்திலிருந்து ஒரு கை நீண்டது. கண் இமைக்க நேரமில்லை, நீண்டது, மடங்கியது. ஒரு குஞ்சு குறைந்துவிட்டது.

மண்வெட்டியார் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். அது கை இல்லை, உதடு. கீழுதடு முழங்கை போல மடிந்து முகத்தை மூடியிருந்தது. அதன் நுனியில் கொக்கிகள். அந்தப் பூச்சி குஞ்சை மென்றது. தலை, கண், வால், செதில் எல்லாவற்றையும். வெளியே எறிய ஒரு துணுக்கும் வைக்கவில்லை. தின்று முடித்துவிட்டு, பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சி ஒரே தாவலில் சேற்றுக்குள் போய் மறுபடியும் சேறானது.

அவர் தட்டோடு அள்ளினார். கரையேறும்போதுதான் நாணல் தண்டுகளைப் பார்த்தார். தண்டுக்கு ஒன்றாக, முதுகு வெடித்த வெற்றுக்கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எத்தனை நாளாய் அங்கே இருந்தனவோ! அவர் கண்ணுக்கு அவை காய்ந்த சேறாகவே தெரிந்திருந்தன. ஒரு தண்டில், வெடித்த முதுகிலிருந்து பாதி வெளியே வந்து, கசங்கிய சிறகுகளோடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலேயே வெளியேற முயன்று நடுவில் மாட்டிக்கொண்ட தட்டான். கீழே பாதி சேற்றுப்பூச்சி, மேலே பாதி தட்டான்.

மண்வெட்டியார் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து மோட்டார் கொட்டகைக்குள் போனார். அங்கே சுவர் ஓரம், உலர்ந்த பொடியில், குழியானைக் குழிகள் இருந்தன. ஒன்றைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தார். சேற்றுப்பூச்சியைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு விட்டார். அறைக்குள் சன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஒன்று காய்ந்த மணலின் பிள்ளை. தண்ணீர் பட்டால் செத்துப்போகும். குழி வெட்டும், காத்திருக்கும், விழுகிறதைத் தின்னும். விழாவிட்டால் நாள் கணக்கில் பட்டினி கிடக்கும். கையில் வைத்தால் பின்பக்கமாகவே நடக்கும். கொடுக்கு இரண்டும் எப்போதும் வெளியே தெரிகிறது. கொல்லப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொல்கிற ரகம். மற்றது தண்ணீரின் பிள்ளை. குழியெல்லாம் வெட்டாது, குளமே அதன் குழி. ஆயுதத்தை முகத்தின்மேல் முகமூடியாக மடித்து வைத்திருக்கும். டம்ளருக்குள் அதன் பின்பக்கம் திறப்பதும் மூடுவதுமாய் இருந்தது. தண்ணீர் உள்ளே போனது, வெளியே வந்தது.

"இது மூச்சு விடுறதே அந்த வழியாதான் போல," என்றார் மண்வெட்டியார், தனக்குத்தானே. "மூச்சு வாங்க மேல வரவே வராது. நான் மேல எண்ணெய் ஊத்திட்டு இருந்திருக்கேன்."

ஊற்றியதோடு போகவில்லை. குளத்தில் இதற்குப் போட்டியாக இருந்த வண்டுகளையும் தேள்களையும் அந்த எண்ணெய் கொன்றுவிட்டது. பந்தியில் மற்ற எல்லாரையும் எழுப்பிவிட்டு, இது ஒன்றுக்கு மட்டும் இலை போட்டிருக்கிறார்.

கொட்டகைச் சுவரில் குழியானையிலிருந்து வந்த சிறகுப்பூச்சி ஒன்று எப்போதோ செத்து ஒட்டியிருந்தது. அதையும் கொண்டுவந்து, செத்த தட்டான் ஒன்றின் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் நாலு சிறகு. இரண்டும் வலை பின்னியவை. அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். தன் சின்ன வயது முழுவதும் அந்த டப்பா விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தட்டான் இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"சுவரே," என்றாள் அவர் மனைவி. "இதுக்குத் தலையில ரெண்டு கொம்பு இருக்கு. நுனியில குண்டா இருக்கு. தட்டானுக்குக் கொம்பே இல்ல. கண்ணு இருந்தா பாக்கச் சொல்லு."

கொம்பு இருந்தது. குண்டூசித் தலை போன்ற நுனியோடு இரண்டு கொம்புகள். அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தவர்தான், பார்க்கவில்லை.

அவள் குளத்திலிருந்து கோரி வந்த ஒரு குஞ்சை டம்ளருக்குள் விட்டாள். உதடு நீண்டது. மடங்கியது. அவள் கடைசிவரை பார்த்தாள். குஞ்சு இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

"அவன் சொன்னான்," என்றாள். இந்தத் தடவை சுவரைக் கூப்பிடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

இனி செய்ய வேண்டியது என்னவென்று மண்வெட்டியாருக்குத் தெரியும். மிச்சம் இருக்கும் குஞ்சுகளை இன்றோ நாளையோ அரித்தெடுத்துச் சிமெண்டுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் அது தின்கிற நாள். இழுவலையை ஒருவர் இழுக்க முடியாது. எதிர்க்கரையில் சேற்றின் போக்கு தெரிந்த கை வேண்டும். அந்தக் கை சூளையில் கல் சுமக்கிறது. அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். ஆனால் திருடன் என்றது தனியாகச் சொன்ன சொல்லா? ஊரே உட்கார்ந்திருந்த கொட்டகை அது. அங்கே போய்ப் பூச்சிதான் தின்றது என்று சொன்னால், சூளைக்காரர் காதிலும் விழும். குளத்தைக் காப்பாற்றிய பொய்யை எடுத்துவிட்டால் குளம் எதன்மேல் நிற்கும்?

கண்ணாடி டம்ளரை ஒரு கையிலும், குழியானையைப் பொடிமணலோடு போட்ட தகர டப்பாவை மறு கையிலும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் மூன்று தடவை திரும்பி வீட்டைப் பார்த்தார். வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கொட்டகையில் டீ நேரம். நெட்டையன் முதுகில் பலகையும் பலகையில் செங்கல்லுமாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

"எல்லாரும் கேளுங்க," என்றார் மண்வெட்டியார். பணிவாகப் பேச அவருக்குப் பழக்கமில்லை. வந்தது வழக்கமான குரல்தான். "எவனும் கண்டுபிடிக்காத ஒண்ணை நான் கண்டுபிடிச்சிருக்கேன். இதோ, மீன் திருடன். டம்ளருக்குள்ள இருக்கான். இது தட்டானோட குஞ்சு. சேத்துக்குள்ள கிடந்து தின்னுட்டு, எச்சிலே வைக்காம வளர்ந்து, றெக்கை முளைச்சுப் பறந்து போயிடுது. என் மச்சினன் எடுக்கல. ஒரு குஞ்சுகூட எடுக்கல. இதைக் கண்டுபிடிச்சது நான்."

"ஏற்கெனவே யாரோ சொன்னாங்கன்னு கேள்விப்பட்டேனே?" என்றான் கல் அடுக்குபவன் ஒருவன்.

மண்வெட்டியார் டப்பாவைப் பார்த்தார். உள்ளே குழியானை ஏற்கெனவே ஒரு புதுக் குழி வெட்ட ஆரம்பித்திருந்தது.

"சொன்னான்," என்றார். "நான்தான் கேக்கல."

சூளைக்காரர் எழுந்து வந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். உதட்டைச் சுளித்தார். "அப்போ திருட்டு இல்ல. குளம்தான் கெட்டிருக்கு."

"குளம் கெடல. நான் காயவிடாம விட்டது தப்பு. ஒரு தடவை காஞ்சா..."

"மூணாவதும் போச்சா இல்லையா? அதைச் சொல்லு."

மண்வெட்டியார் வாயைத் திறந்தார். கூசாமல் ஒரு பொய் சொல்லலாம். அவர் நாக்குக்கு அது புதிதுமல்ல. ஆனால் நெட்டையன் சுமையை இறக்காமல் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"பெரும்பாதி போச்சு."

"காலையில சாம்பல் வண்டி வரும்," என்றார் சூளைக்காரர். கோபமில்லை, நேரம் சொல்கிற குரல். "வீட்டை இப்ப காலி பண்ண வேண்டாம். பள்ளம் ரொம்பறதுக்குள்ள வேற இடம் பாத்துக்கோ."

அவ்வளவுதான். டீ மறுபடியும் ஊற்றப்பட்டது. மண்வெட்டியார் நகரவில்லை. நகர எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"மாமா," என்றான் நெட்டையன் பக்கத்தில் வந்து. "டம்ளர் சாயுது. திருடன் கீழ விழுந்துடப் போறான்."

"நீ... வலை இழுக்க..."

"வரேன். அக்காவுக்காக வரேன். உங்களுக்கு இல்ல."

"எனக்கு வேண்டாம்டா. அவளுக்கே வா."

விடிந்ததும் இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள். அவர் மனைவியும் பாத்திரங்களோடு கரையில் நின்றாள். படுக்கைக்கு மேல் கட்டும் கொசுவலையைக் கழற்றிக்கொண்டு வந்து, சிமெண்டுத் தொட்டியின் மேலே விரித்து, நாலு பக்கமும் செங்கல் வைத்து இறுக்கியிருந்தாள். தட்டான் அதில் வாலைத் தோய்க்காமல் இருக்க. இனி இரவெல்லாம் கொசு அவர்களைத் தின்னும். பூச்சி குஞ்சைத் தின்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

முதல் இழுப்பில் ஒரு கை குஞ்சு கிடைத்தது. கூடவே, இத்தனை நாள் சேறென்று உதறிவிட்ட பூச்சிகள் வலையெல்லாம். நெட்டையன் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கரையில் எறிந்தான். இரண்டாம் இழுப்பின்போது வரப்பின்மேல் டிராக்டர் சத்தம் கேட்டது. வண்டி மேற்குக் கரையில் பின்பக்கமாக வந்து நின்று, சாம்பல் பெட்டியைத் தூக்கியது. சாம்பல் தண்ணீரில் இறங்கியபோது குளம் சீறியது. சூடு இன்னும் ஆறாத சாம்பல். வெள்ளைப் புகை மேலே எழுந்து தட்டான்களை விரட்டியது. புகை அடங்கியதும் அவை திரும்பி வந்து, சாம்பல் மிதக்கும் தண்ணீரிலேயே வாலைத் தொட்டுத் தொட்டு எடுத்தன.

மண்வெட்டியார் கையிலிருந்த வலையை விட்டுவிட்டார். அவர் கட்டிய கரை அது. அந்த மூலையில்தான் முதல் மண்வெட்டி போட்டார். நரைத்த சாம்பல் அதன் மேலாக நாக்கு நீட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வண்டி பின்னாலேயே காத்திருந்தது.

"மாமா, சாம்பல் தண்ணி இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள இழுக்கணும்!" நெட்டையன் எதிர்க்கரையிலிருந்து கத்தினான்.

அவர் அசையவில்லை. கால்கள் சேற்றில் புதைந்துகொண்டிருந்தன.

அப்போது பின்னால் தண்ணீர் கலங்கியது. அவர் மனைவி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து, மிதந்துபோன வலையின் முனையைப் பிடித்து அவர் கையில் திணித்தாள். சுவர் வெகு தூரத்தில் இருந்தது.

"என்னங்க," என்றாள். "இறுக்கிப் பிடிங்க. உங்க பக்கம் தொய்யுது."

அவர் பிடித்தார்.